லுட்யன்ஸ் கழற்றி மாட்டிய வீடு

டிவி விவாதத்துல யாராவது கோபமா பேசும்போது லுட்யன்ஸ் டெல்லி, லுட்யன்ஸ் கூட்டம்னு ஒரு வார்த்தை வரும். அதிகாரத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களைத் திட்டுறதுக்கு வெச்சிருக்கிற வார்த்தை. ரொம்ப நாளா அது ஏதோ ஏரியா பேருன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். மூணாவது வருஷம் ஒரு அசைன்மென்டுக்காகத் தேடினப்பதான் அது ஒரு மனுஷன் பேருன்னு தெரிஞ்சது. எட்வின் லுட்யன்ஸ். இன்னிக்கு நம்ம ஜனாதிபதி குடியிருக்கிற மாளிகையை டிசைன் பண்ணினவர்.

ஆனா நான் எழுத வந்தது அந்த மாளிகைக்காக இல்ல. அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல அவர் சரி பண்ணின ஒரு பழைய மர வீட்டுக்காக. காரணம், அமிர்தியில இருக்கிற எங்க ஆயா வீடு. ஜவ்வாது மலை அடிவாரத்துல, அமிர்தி காட்டை ஒட்டி, வேங்கை மரத் தூணும் உத்தரமும் வெச்சு, மண் சுவர் எழுப்பி, நாட்டு ஓடு வேய்ஞ்ச வீடு. போன மே மாசம் அதை இடிக்கிறதுன்னு முடிவாச்சு. வீட்டுல ஒரே சிவில் இன்ஜினியரிங் பையன் நான். இடிக்க எவ்வளவு, புதுசா தளம் போட எவ்வளவுன்னு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அந்த எக்ஸெல் ஷீட்டை மாமாவுக்கு அனுப்பிட்டு அன்னிக்கு ராத்திரி படிச்சது லுட்யன்ஸ் கதை.

எட்வின் லுட்யன்ஸ் 1869 மார்ச் 29 அன்று லண்டனில் பிறந்தார். பதிமூன்று பிள்ளைகளில் பத்தாவது. அப்பா ராணுவத்தில் கேப்டனாக இருந்து, பிறகு அதை விட்டுவிட்டு ஓவியம் வரையப் போனவர். பிரபல ஓவியர் எட்வின் லாண்ட்சீர் மேல் இருந்த பிரியத்தில் பையனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். பெரிய குடும்பம், பணம் எப்போதும் இழுபறி. சின்ன வயதில் எட்வினுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. உடம்பு தேறவே இல்லை என்பதால் மற்ற அண்ணன் தம்பிகள் மாதிரி அவரைப் போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. சர்ரே கவுண்டியில் தர்ஸ்லி என்ற கிராமத்து வீட்டிலேயே வளர்ந்தார்.

ஸ்கூல் இல்லாத பையன் என்ன செய்வான்? ஊர் சுற்றுவான். எட்வினும் சுற்றினார். கையில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு, பாக்கெட்டில் கூராகச் சீவின சோப்புத் துண்டுகள். ஏதாவது பழைய வீடோ களஞ்சியமோ கண்ணில் பட்டால், கண்ணாடியை முன்னால் பிடித்துக்கொண்டு அதன் வழியாகத் தெரிகிற கட்டடத்தின் கோடுகளை அப்படியே சோப்பால் வரைவார். வீட்டுக்கு வந்து அதைத் தாளில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைக் கழுவிவிட்டால், மறுநாள் அடுத்த வீடு. நாம ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் ட்ராயிங்ல பெர்ஸ்பெக்டிவ் வரையத் தடுமாறினோமே, அதை ஒரு பதிமூணு வயசுப் பையன் வாத்தியார் இல்லாம கண்டுபிடிச்சிருக்கான். இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

கண்ணாடி ஒரு பாடம் என்றால், ஊர்த் தச்சுப்பட்டறை இன்னொரு பாடம். மரம் எப்படி அறுக்கிறார்கள், எந்த மரத்தை எதற்கு எடுக்கிறார்கள், எந்த இடத்தில் எந்தப் பொருத்து என்று மணிக்கணக்காக நின்று பார்ப்பார். பதினாறு வயதில் லண்டனில் சவுத் கென்சிங்டன் கலைப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு வருஷத்தில், படிப்பை முடிக்காமலே வெளியே வந்தார். எர்னஸ்ட் ஜார்ஜ் என்ற பெரிய ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். இருபது வயதுக்குள் சொந்தமாக ஆபீஸ் திறந்துவிட்டார். டிகிரி கிடையாது. கேம்பஸ் பிளேஸ்மென்ட் லிஸ்ட்டைப் பார்த்துக்கிட்டே இதை டைப் பண்றேன், அதனால இந்த வரியை இத்தோட விட்டுடறேன்.

1889-ல் கெர்ட்ரூட் ஜீக்கில் என்ற தோட்டக்கலை மேதையைச் சந்தித்தார். அந்த அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது, இவருக்கு இருபது. இரண்டு பேரும் குதிரை வண்டியில் சர்ரே, சசெக்ஸ் கிராமங்களெல்லாம் சுற்றிப் பழைய வீடுகளைப் பார்த்தார்கள். ஜீக்கிலுக்காக 1896, 97-ல் கட்டின மன்ஸ்டெட் வுட் வீட்டில் உள்ளூர் கல்லும் உள்ளூர் ஓக் மரமும்தான். அந்த வீடுதான் அவர் பெயரைப் பரப்பியது. பிறகு வரிசையாகக் கிராமத்து மாளிகைகள் வந்தன. அவை எல்லாம் இங்கே தேவையில்லை.

1897-ல் எமிலி லிட்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். இந்த இடத்தில் நம்ம ஊர்க் கதை குறுக்கே வருகிறது. எமிலியின் அப்பா லார்ட் லிட்டன் 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராய். தாது வருஷப் பஞ்சம்னு தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீங்க. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் பட்டினியால் செத்த அந்தப் பஞ்சம் அவர் காலத்தில்தான். வட ஆற்காடு, அதாவது எங்க பக்கம், அதுக்குத் தப்பவில்லை. அந்தப் பஞ்ச காலத்திலேயே, 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியா ராணியைப் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் பெரிய தர்பார் நடத்தினவர் லிட்டன். அவருடைய மருமகன் டெல்லியில் நகரமே கட்டப்போகிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எமிலிக்கு அப்போது வயது இரண்டு.

கல்யாணத்துக்கு முன்னால் எமிலிக்கு லுட்யன்ஸ் ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தார். அதற்குள் பொம்மை சைஸ் சாமான்கள், கூடவே ஒரு சின்ன வெள்ளை வீட்டின் பிளான். நாம் குடியிருக்கப் போகும் வீடு என்ற வாக்குறுதி அது. அந்த வீட்டை அவர் கட்டவே இல்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டினவர், தனக்கென்று ஒரு வீடு கட்டாமலே கடைசிவரை இருந்தார்.

இனி அந்த மர வீடு.

1910-ல் நதேனியல் லாயிட் என்பவர், கலர் பிரிண்டிங் தொழிலில் சம்பாதித்தவர், கிழக்கு சசெக்ஸில் நார்தியம் கிராமத்தில் டிக்ஸ்டர் என்ற பழைய வீட்டை வாங்கினார். ஏறக்குறைய 1450-ல் கட்டின வீடு. ஓக் மரத்தில் தூண், உத்தரம், விட்டம், கைமரம் என்று ஒரு முழு எலும்புக்கூடு செய்து நிறுத்துவது, எலும்புகளுக்கு நடுவில் குச்சி வரிச்சு கட்டி மண்ணை அப்புவது: இதுதான் அந்தக் கால இங்கிலாந்து மர வீடு. பாரத்தை முழுக்க மரம் தாங்கும், சுவர் சும்மா மறைப்பு மட்டும். இப்ப நாம ஃப்ரேம்டு ஸ்ட்ரக்சர்னு படிக்கிறோமே, அதேதான். காலம் பீம் ஓக்கில், செங்கலுக்குப் பதில் மண்.

மரத்தை அறுத்துக் காயவைக்காமல், பச்சையாக இருக்கும்போதே வேலை செய்வார்கள். ஒரு மரத்தின் முனையில் நாக்கு மாதிரி செதுக்குவதைத் தச்சர்கள் கழுந்து என்பார்கள். அது மற்ற மரத்தின் துளைக்குள் போய் உட்காரும். குறுக்கே மர முளை அடித்துவிடுவார்கள். துளையிலும் கழுந்திலும் முளைக்கான ஓட்டையை வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போடுவார்கள். முளை உள்ளே இறங்க இறங்கப் பொருத்து இறுகும். ஆணி தேவைப்படாது. வருஷம் போகப் போக ஓக் காய்ந்து முறுக்கிக்கொண்டு இன்னும் கெட்டியாகும். கோணலாகவும் ஆகும். அந்தக் காலத்து வீடுகள் ஒன்றுகூட நேராக நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

டிக்ஸ்டரின் நடுவில் ஒரு பெரிய கூடம். 40 அடி நீளம், 25 அடி அகலம், 31 அடி உயரம். கட்டின காலத்தில் தரையிலிருந்து மோட்டுவளை வரைக்கும் ஒரே வெளி. இந்த மாதிரி கூடங்களில் நடுவில் நெருப்பு எரியும், புகை கூரை வழியாகத்தான் வெளியே போகும். கூரையின் இரண்டு சரிவும் கீழே விரிந்துவிடாமல் பிடிக்கக் குறுக்கே முழு நீள விட்டம் போடுவது ஒரு வழி. விட்டம் இல்லாமல், சுவர்ப் பக்கமிருந்து கை நீட்டின மாதிரி குட்டை மரங்களை முட்டுக்கொடுத்து நிறுத்துவது இன்னொரு வழி. டிக்ஸ்டர் கூடத்தில் இரண்டும் கலந்து இருக்கின்றன. அது அபூர்வம். பிற்காலத்தில் புகைபோக்கி வந்தது. அவ்வளவு உயரம் வீண் என்று நடுவில் தளம் போட்டுக் கூடத்தை மாடியாகவும் அறைகளாகவும் பிரித்துவிட்டார்கள். லாயிட் வாங்கும்போது உள்ளே நுழைபவருக்கு அப்படி ஒரு கூடம் இருப்பதே தெரியாது.

லாயிட் இதைச் சரிசெய்ய லுட்யன்ஸைக் கூப்பிட்டார். லுட்யன்ஸ் முதலில் செய்தது கழிப்பது. பின்னால் சொருகின தளங்களையும் தடுப்புகளையும் எடுத்தார். 1450-ன் கூடம் திரும்ப மூச்சு விட்டது. அடுத்தது, குடும்பத்துக்கு வீடு போதாது, பெரிதாக்க வேண்டும். பழைய மாதிரியே போலியாக மரக்கட்டு வேலை செய்து ஒட்டியிருக்கலாம், அந்தக் காலத்தில் நிறைய பேர் அதைத்தான் செய்தார்கள். லாயிடும் லுட்யன்ஸும் வேறு வழி பிடித்தார்கள். பக்கத்து கென்ட் கவுண்டியில் பெனண்டன் என்ற ஊரில் ஒரு விவசாயியின் வீடு இருந்தது. அதுவும் மர வீடு, டிக்ஸ்டரைவிட ஐம்பது வருஷம் இளையது. விழுகிற நிலைமை, இடிக்கப் போகிறார்கள். 75 பவுண்டுக்கு அதை வாங்கினார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டார்கள். கழற்றினார்கள். சில மைல் தாண்டிக் கொண்டுவந்து டிக்ஸ்டருக்குப் பின்பக்கம் திரும்ப மாட்டினார்கள்.

இதில் அதிசயம் குறைவு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. இந்த வீடுகள் பிறந்ததே அப்படித்தான். பழைய தச்சர்கள் ஃப்ரேமைப் பட்டறையிலேயே தரையில் படுக்கவைத்துச் சேர்த்துப் பார்த்து, எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று உளியால் ரோமன் எண் மாதிரி கோடு வெட்டிவைத்து, பிரித்து, வண்டியில் ஏற்றி, சைட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ப்ரீ-ஃபேப்ரிகேஷன்னு நாம இப்ப பெருமையா பேசுறது அவங்களுக்கு அன்றாட வேலை. கான்கிரீட்டை இடிக்கத்தான் முடியும், மர வீட்டைக் கழற்ற முடியும். என் எஸ்டிமேட்ல இடிப்புன்னு ஒரு வரி இருந்தது. கழற்றுறதுக்கு வரியே இல்ல. அப்படி ஒரு ஐட்டம் இருக்க முடியும்னே எனக்குத் தோணலை.

இரண்டு பழைய வீடுகளுக்கும் நடுவில் வந்த புதுப் பகுதியை லுட்யன்ஸ் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டினார். உயரமான புகைபோக்கிகள், நீளமாகச் சரிந்து இறங்கும் கூரை. எது பழசு, எது வந்து சேர்ந்தது, எது புதுசு என்று பார்க்கிறவருக்குத் தெரியும், ஆனாலும் சண்டை போடாது. குழந்தைகள் அறையில் தரையை ஒட்டி ஒரு ஜன்னல் வைத்தார். தவழ்கிற குழந்தைக்கு வெளியே தெரியவேண்டும் என்பதற்காக! வேலை 1912-ல் முடிந்தது. லாயிட் அதற்குப் பிறகு தானே கட்டடக்கலை கற்றுக்கொண்டு, இங்கிலாந்து வீடுகளின் வரலாறு பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். வீடு கட்டிக்கொடுக்கப் போன இடத்தில் வீட்டுக்காரரையே மாற்றிவிட்டு வந்தார் லுட்யன்ஸ்.

அதே 1912-ல் அவர் முதல் தடவையாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று 1911 டிசம்பர் 12 தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்திருந்தார். புது நகரத்துக்கு இடம் பார்க்கும் கமிட்டியில் லுட்யன்ஸுக்கும் இடம். பிறகு ஹெர்பர்ட் பேக்கரும் சேர்ந்துகொண்டார்.

இங்கே எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. பெனண்டனில் பெயர் தெரியாத ஒரு விவசாயியின் வீட்டை மரம் மரமாக எண்ணிக் காப்பாற்றின மனுஷன், இந்தியாவில் இறங்கினதும் இங்கே கட்டடக்கலை என்று ஒன்று இருக்கிறது என்பதையே ஒத்துக்கொள்ள மறுத்தார். மனைவிக்கு எழுதின கடிதங்களில் நம் கட்டடங்களைப் பற்றியும் மக்களைப் பற்றியும் அவ்வளவு இளக்காரம். தர்ஸ்லி தச்சுப்பட்டறையில் மணிக்கணக்காக நின்ற அந்தப் பையனை இங்கே எங்கேயும் காணோம். புது நகரத்துக்காக ரைசினா, மால்ச்சா மாதிரி கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது, ஜனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவங்க வீட்டு உத்தரத்துக்கு யாரும் எண் போடலை.

இந்திய அம்சம் இருக்கவேண்டும் என்று வைஸ்ராய் ஹார்டிஞ் பிடிவாதமாக நின்றார். லுட்யன்ஸ் முரண்டு பிடித்தார். ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலமும் வந்து போனதில், கண் தன் வேலையைச் செய்துவிட்டது. சாஞ்சி ஸ்தூபியின் அரைவட்டம் மாளிகையின் டோம் ஆனது. வெயிலைத் தடுக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் பலகைகள், கூரை மேல் சின்ன மண்டபங்கள், கல்லில் குடைந்த ஜாலி எல்லாம் உள்ளே வந்தன. தூண் தலைகளில் கல் மணிகள் தொங்கவிட்டார். வாயால் ஒத்துக்கொள்ளாததைக் கை ஒத்துக்கொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 340 அறைகள், சுமார் 70 கோடி செங்கல், பதினேழு வருஷ வேலை.

நடுவில் பேக்கரோடு சண்டை. ரைசினா மேட்டின் மேல் பேக்கரின் செக்ரெடேரியட் கட்டடங்களும் வந்ததால், நேர் ரோட்டில் ஏறிவரும்போது ஒரு கட்டத்தில் மாளிகை கண்ணிலிருந்து மறைந்துவிடும். இப்பவும் மறையும். அந்தச் சரிவு காட்டின ட்ராயிங்கில் லுட்யன்ஸே கையெழுத்துப் போட்டிருந்தார். லெவல்ஸ் சரியா பார்க்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு சர்வேயிங் லேப்ல சொன்னா, இதை நினைச்சுக்கோங்க. வருஷக்கணக்காக மேலிடம் வரை போய்ப் போராடியும் எதுவும் மாறவில்லை.

வீட்டிலும் அவருக்கு இந்தியா வேறு ரூபத்தில் வந்தது. எமிலி தியசாபிகல் சொசைட்டியில் தீவிரமாகிவிட்டார். 1909-ல் அடையாறு கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டு உலக குருவாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம்பி நித்யாவோடு 1911-ல் லண்டன் போனபோது, அந்தப் பையன்களுக்கு அம்மா மாதிரி ஆனவர் எமிலிதான். கணவர் டெல்லிக்கு வந்துபோக, மனைவியின் மனசு அடையாறில். 1925 டிசம்பரில் அடையாறில் நடந்த சொசைட்டியின் பொன்விழாவுக்கு எமிலி மகள்களோடு நேரில் வந்தார். லுட்யன்ஸுக்கு இதில் எதிலும் ஒட்டுதல் இல்லை, தனிமையை ஜோக்கடித்தே ஓட்டினார். 1929-ல் கிருஷ்ணமூர்த்தி தன்னைச் சுற்றிக் கட்டின அமைப்பைக் கலைத்த பிறகு எமிலி மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பினார். கடைசி மகள் மேரி பிற்பாடு கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையையும் எழுதினார், தன் அப்பாவின் வாழ்க்கையையும் எழுதினார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு லண்டனில் செனடாஃப், பிரான்ஸில் தியெப்வால் நினைவுச்சின்னம். செனடாஃபில் நேர்கோடு மாதிரி தெரிவது எதுவும் நேர்கோடு இல்லை. பக்கங்களை அப்படியே மேலே நீட்டினால் சுமார் ஆயிரம் அடி உயரத்தில் ஒன்று சேரும். கோணலான ஓக் வீடுகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குத்தான் இது தோன்றும் என்று எனக்குப் படுகிறது. 1944 ஜனவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். அஸ்தி லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் நிலவறையில் இருக்கிறது. டிக்ஸ்டர் இன்னும் நிற்கிறது, டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். லாயிடின் கடைசி மகன் கிறிஸ்டோபர் அந்த வீட்டிலேயே பிறந்து, 2006 வரை வாழ்ந்து, அதன் தோட்டத்தை உலகப் பிரசித்தம் ஆக்கினார்.

இப்ப அமிர்தி. ஆயா வீட்டை இடிக்கச் சொன்னது ஆயாவேதான், அதைச் சொல்லியே ஆகணும். குரங்கு வந்து ஓட்டைக் கலைக்கும், ஐப்பசி மழையில நாலு இடத்துல பாத்திரம் வைக்கணும், சுவர் ஓரமா கரையான். எண்பது வயசுல அவங்களுக்கு ஒழுகாத வீடு வேணும். பழசு அழகுன்னு ஹாஸ்டல்ல உட்கார்ந்துக்கிட்டு நான் சொல்றது ஈஸி. அதனால வீட்டை விடுங்கன்னு சொல்லலை. ஜேசிபி கூப்பிடாம, மரத்தைக் கழற்ற நாலு நாள் கொடுங்கன்னு மாமாகிட்ட கேட்டேன். மர வியாபாரி முழு உருப்படியா எடுத்தா கன அடிக்குக் கூட விலை தருவாருன்னு சொன்னதுதான் மாமாவுக்குப் பிடிச்ச காரணம்.

கண்ணமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு வயசான ஆசாரி வந்தார். ஓட்டை இறக்கி, வரிச்சைப் பிரிச்சு, கைமரத்தை எடுத்தோம். நான் சாக்பீஸ், பெயிண்ட், செல்போன், ஒரு ஸ்கெட்ச் எல்லாம் ரெடியா வெச்சிருந்தேன். மு-1, மு-2ன்னு முன்பக்கத் தூணுக்கு எண் போட ஆரம்பிச்சேன். ஆசாரி கொஞ்ச நேரம் பார்த்துட்டு, ஒரு முளையைத் தட்டி எடுத்து, உத்தரத்துல இருந்து தூணைப் பிரிச்சு, அதோட கழுந்தைத் திருப்பிக் காட்டினார். அதுல உளியால வெட்டின மூணு கோடு. உத்தரத்துத் துளைக்குப் பக்கத்துலயும் அதே மூணு கோடு. அடுத்த தூண்ல நாலு. எங்க தாத்தாவோட அப்பா காலத்துல யாரோ ஒரு ஆசாரி போட்டது.

மரம் எல்லாம் இப்ப மாட்டுக் கொட்டகையில தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கியிருக்கு. எட்டுத் தூணு, ரெண்டு உத்தரம், கைமரம் முப்பத்தாறு. புது வீட்டுக்குத் தளம் போட்டாச்சு, ஆயா குடிபோயாச்சு, ஒழுகலை. முன்னாடி பதினாறு அடிக்கு ஒரு திண்ணைக்கு இடம் விட்டு பிளான் போட்டிருக்கேன். நாலு தூணை அங்க மாட்டலாம். மர வியாபாரி ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போயிட்டார். தை மாசத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லுன்னு மாமா சொல்லியிருக்கார்.